வெறும் வீட்டில் ஒரு பதில்

முத்துமீனாவுக்கு விளாங்குடியில் வீடு கிடைத்ததே பெரும்பாடு. போன இடத்திலெல்லாம் முதலில் "எந்த ஊரும்மா?" என்பார்கள். உசிலம்பட்டிப் பக்கம் என்றால், "அங்கன எந்த ஊரு?" ஊர்ப் பேரைச் சொன்னால், "ஊர்ல எந்தத் தெரு?" அதற்கு மேல் அவள் பதில் சொல்வதும் சொல்லாமலிருப்பதும் ஒன்றுதான். வீடு வேறு ஆளுக்குப் பேசியாயிற்று என்பார்கள். கனகலட்சுமி ஒருத்திதான் தெருவைக் கேட்கவில்லை. மாடிச் சாவியை ஆணியிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தாள்.

"ஆளுக நெலச்சு நிக்க மாட்டேங்குறாக, பாப்பா. நீயாச்சும் நின்னு இரு."

ஏன் நிற்க மாட்டேன் என்கிறார்கள் என்று மீனா கேட்கவில்லை. கிடைத்ததே போதும் என்றிருந்தது அவளுக்கு. வெளிப்பக்கமாக ஏறும் சிமெண்டுப் படி, ஓர் அறை, அதை ஒட்டி ஒரு சின்ன சமையலறை. ஜன்னலைத் திறந்தால் திண்டுக்கல் போகிற ரயில் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே அவளுக்கு வீடு பிடித்துப்போனது.

அவள் நர்சிங் முடித்தவள். ஜப்பானில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லங்களுக்கு ஆள் எடுக்கிறார்கள், பாஷை தெரிந்தால் போதும் என்று கேள்விப்பட்டு, பைபாஸ் ரோட்டில் ஒரு வகுப்பில் சேர்ந்தாள். வேலைக்காகத்தான் என்று அம்மா செல்லக்கிளியிடம் சொல்லியிருந்தாள். அது பாதி உண்மை. மீதி, ஹாஸ்டலில் போர்வைக்குள் போனை ஒளித்து வைத்துக்கொண்டு அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் பார்த்த நாட்களில் இருந்தது. கூடப் படித்தவர்களுக்கு வாள் சண்டையும் ராட்சதர்களும் பிடித்தன. மீனாவுக்குப் பிடித்த இடம் வேறு. ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் ரயிலைவிட்டு இறங்கி, வெயில் சாய்ந்த தெருவில் நடந்து, வீட்டுக் கதவை இழுத்துத் திறந்து, ஷூவைக் கழற்றிக்கொண்டே "ததாய்மா" என்று குரல் கொடுப்பாள். வந்துட்டேன் என்று அர்த்தம். உள்ளேயிருந்து யாரோ முகம்கூடக் காட்டாமல் "ஒக்காயெரி" என்பார்கள். வந்துட்டியா, வா என்று அர்த்தம். கதைக்கு அந்த இடம் தேவையே இருக்காது. மீனா அதைத்தான் திருப்பித் திருப்பி ஓடவிட்டுப் பார்ப்பாள்.

அவள் பள்ளி விட்டு வரும்போது வீட்டில் பூட்டுத் தொங்கும். அம்மா களையெடுக்கவோ வீட்டு வேலைக்கோ போயிருப்பாள். தேடிக்கொண்டு அம்மா வேலை செய்யும் வீட்டுக்குப் போனால் கொல்லைப்புறத்தில் நிற்க வேண்டும். இவள் தலையைக் கண்டதும் உள்ளே பேச்சு நிற்கும். உள்ளே வா என்று ஒருவரும் சொன்னதில்லை. அவளும் அதை எதிர்பார்க்காமல் வளர்ந்துவிட்டாள்.

வகுப்பில் பக்கத்து நாற்காலி ருமானாவுடையது. தெற்கு வாசலில் அவள் அத்தா பரீத் கைலிக் கடை வைத்திருந்தார். ருமானாவுக்கு வேலைக்குப் போகிற எண்ணமெல்லாம் இல்லை. அனிமேயை அடியில் ஓடும் எழுத்தைப் படிக்காமல் காதாலேயே புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சேர்ந்தவள். பெரிய பெரிய கண் வைத்துப் பெண் முகங்களை வரைவாள், எல்லாவற்றுக்கும் தலையில் முக்காடு இருக்கும். மீனா தயிர்ச்சாதத்தை உருண்டை பிடித்து, மிளகை ஒட்டிக் கண் வைத்து, டப்பாவில் அடுக்கிக்கொண்டு வருவாள். இருவரும் ஒருவரை ஒருவர் ஜப்பான் வழக்கப்படி 'மீனா சான்', 'ருமானா சான்' என்று கூப்பிட்டுக்கொண்டு பழங்காநத்தம் பஸ்ஸில் சிரித்தபடி போவார்கள். பஸ்ஸில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

பாடம் நடத்திய ஷாநவாஸ் ஜப்பானில் நாகோயாவில் வேலை பார்த்துத் திரும்பியவன். வயது முப்பதுகூட இருக்காது. மீனா "ஒக்காயேரி" என்று சொல்லும்போதெல்லாம் கையை உயர்த்தி நிறுத்துவான்.

"இழுக்காதீங்க மீனா. ஏரி, கொளம் மாதிரி வருது."

"எந்த ஏரி சார்? நமக்குத் தெரிஞ்சதெல்லாம் மாடக்குளம் கம்மாதான்" என்பாள் ருமானா. வகுப்பே சிரிக்கும். எவ்வளவு முயன்றாலும் மீனாவின் நாக்கு அந்த ஏரியை விடவில்லை.

வகுப்பு முடிந்து அவள் வீடு திரும்பும்போது உச்சி வெயில் மண்டையைப் பிளக்கும். தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. படியேறிக் கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே "ததாய்மா" என்பாள். ஒரு நொடி விட்டு, குரலை மாற்றி, "ஒக்காயேரி" என்று அவளே பதிலும் சொல்லிக்கொள்வாள். பழகிப் பார்க்கத்தான். வாரக்கணக்காக இது நடந்தது.

ஒருநாள் செருப்பின் வார் கழலவில்லை. குனிந்து அதோடு மல்லுக்கட்டியபடி "ததாய்மா" என்றாள். வார் கழலட்டும், பிறகு பதில் சொல்லலாம் என்று நினைத்த அந்த நேரத்தில், சமையலறைக்குள்ளிருந்து வந்தது.

"ஒக்காயேரி."

பெண் குரல். கைவேலையாக இருப்பவர்கள் திரும்பிப் பார்க்காமல் சொல்கிற தினுசு.

மீனா அப்படியே வெளியே வந்து, படியில் பாதி தூரம் இறங்கி நின்றுகொண்டாள். கீழே கனகலட்சுமி வெயிலில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மேல யாரும் வந்தாகளா?"

"சாவி ஒங்கிட்டதானே இருக்கு?"

இருவரும் மேலே போய்ப் பார்த்தார்கள். சமையலறையில் அடுப்பு, குடம், காலையில் கவிழ்த்த சட்டி. வேறு ஒன்றுமில்லை. போன்தான் பையிலிருந்து ஏதோ பேசியிருக்கும் என்று மீனா தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் படுத்த பிறகு ஒன்று நெஞ்சில் உறைத்தது. போனில் ஜப்பான்காரிகள் பேசுவார்கள். அவர்கள் யாரும் ஏரி என்று இழுப்பதில்லை. அந்த ஏரி அவளுடையது. உள்ளே இருந்தது எதுவோ, அது அந்தச் சொல்லை அவளிடமிருந்துதான் கற்றிருந்தது.

மறுநாள் போனை அணைத்துவிட்டு, கதவருகே நின்று "ததாய்மா" என்றாள். பதில் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது.

பயந்து ஓடியிருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே பெட்டியைத் தூக்கியிருப்பார்கள். மீனாவுக்கு இன்னொரு வீடு தேடுவது என்றால் இன்னொரு முறை எந்தத் தெரு என்ற கேள்வி. அதுமட்டுமில்லை. அந்தப் பதில் வந்த நொடியில், உடம்புக்குள் ஏதோ இளகியது. இருபத்திரண்டு வயதுவரை அவள் கேட்டிராத ஒன்றைக் கேட்டுவிட்டாள். பயம் ஒரு பக்கம் இருக்கட்டும் என்று அதன் பக்கத்திலேயே குடியிருக்கத் தொடங்கினாள்.

சமையலறைக்குள் போனால் குரல் இருக்காது. வாசலில் நின்று சொன்னால்தான் பதில். வகுப்பு முடிகிற நேரத்துக்கு அவள் மனசு அடித்துக்கொள்ளும். பிறகு வகுப்புக்கே போகாமல், படியில் இறங்குவதும் ஏறுவதுமாகச் சில நாட்கள் போயின. இறங்கும்போது "இத்தெக்கிமாஸ்" என்பாள், போயிட்டு வாரேன் என்று. தெருமுனைக் கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கித் திரும்பி வந்து "ததாய்மா" என்பாள். வீட்டில் தீப்பெட்டிகள் சேர்ந்தன. சனி, ஞாயிறு ஊருக்குப் போவதை நிறுத்தினாள். செல்லக்கிளி போனில், "ஏம்த்தா, அம்புட்டுப் படிப்பா?" என்றாள். "ஆமாம்மா, பரீட்சை வருது" என்றாள் இவள்.

ருமானாதான் பிடித்துக்கொண்டாள். ஒரு காலையில் ஸ்கூட்டியில் வந்து கீழே நின்று ஹாரன் அடித்தாள். மேலே கூட்டிப்போகாமல், படியிலேயே உட்கார்ந்து மீனா எல்லாவற்றையும் சொன்னாள். ருமானா சிரிக்கவில்லை.

"நாங்களும் வெறும் வீட்டுக்குள்ள போனாலும் சலாம் சொல்லிட்டுத்தான் போவோம்" என்றாள்.

"பதில் வருமா?"

"நாங்க பதிலுக்காகச் சொல்றதில்ல, மீனா. நீ பதிலுக்காகச் சொல்ற."

ருமானா எழுந்து, முக்காட்டைச் சரிசெய்து, பிஸ்மில்லா சொல்லி மேலே ஏறினாள். வாசலில் நின்று மீனாவைச் சொல்லச் சொன்னாள். மீனா சொன்னாள். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் சொன்னாள். சமையலறைக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது, அவ்வளவுதான்.

"வெயில்ல அலையுற, சரியா சாப்பிடுறதில்ல" என்றாள் ருமானா. "எங்க வீட்டுக்கு வந்துரு. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

பார்க்கலாம் என்றாள் மீனா. ருமானாவின் வண்டிச் சத்தம் மறைந்ததும் மறுபடி கதவைத் திறந்து சொல்லிப் பார்த்தாள். பதில் உடனே வந்தது, ஆளைப் போகவிட்டுக் காத்திருந்ததுபோல.

பங்குனி முடிகிற சமயத்தில் மீனாவுக்குக் காய்ச்சல் கண்டது. எழுந்து குடத்துத் தண்ணீர் மொள்ளக்கூட முடியவில்லை. ருமானாவுக்குப் போன் செய்தாள். அம்மா சாயிரா பானுவிடம் கஞ்சி காய்ச்சச் சொல்லி எடுத்துக்கொண்டு வருகிறேன், கதவைத் தாழ் போடாமல் சாத்தி மட்டும் வை என்றாள் ருமானா. மீனா பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மத்தியானம். ஃபேன் சூட்டைச் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருந்தது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ருமானா வந்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் ருமானா தடதடவென்று ஏறுவாள். இது நிதானமாக, இடது கால் லேசாக இழுபட, களைத்து ஏறுகிற நடை. அந்த நடையை மீனா எங்கோ கேட்டிருக்கிறாள். எங்கே என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே தெரிந்துவிட்டது. மற்றவர் காதுக்குத் தன் நடை இப்படித்தான் கேட்கும்.

கதவு முனகியது. ஒரு செருப்பு கழன்றது. இன்னொன்று, கொஞ்சம் மல்லுக்கட்டிய பிறகு.

"ததாய்மா."

அவளுடைய குரல். வகுப்பு முடித்து, பஸ்ஸில் நின்றபடி வந்து, தொண்டை வறண்டுபோன அவளுடைய குரல்.

பதில் சொல்லத் தன் வாய் தானாகத் திறப்பதை மீனா உணர்ந்தாள். எத்தனை வாரம் பழகிய வாய் அது. சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. சொல்லக்கூடாது என்று மட்டும் தோன்றியது. போர்வையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துப் பல்லால் கடித்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. வந்தது வாசலில் நின்றுகொண்டிருந்தது.

அப்போது சமையலறையிலிருந்து பதில் வந்தது.

"ஒக்காயேரி."

காலடிகள் உள்ளே வந்தன. அவள் முதுகை ஒட்டிக் கடந்தன. பஸ் புழுக்கமும் அவள் பூசுகிற பவுடர் வாசனையும் ஒரு கணம் மூக்கில் ஏறி இறங்கின. சமையலறைக்குள் குடத்திலிருந்து தண்ணீர் மொள்ளும் சத்தம். பிறகு தாழ்ந்த குரலில் பேச்சு, ஒருவர் கேட்க, ஒருவர் சொல்ல. நடுவில் ஒரு சிரிப்பு. பாயில் ஒருத்தி கிடக்கிறாள் என்பதை இரண்டு குரலும் பொருட்படுத்தவேயில்லை.

படி தடதடத்தது. ருமானா தூக்குவாளியோடு உள்ளே வந்து நின்றாள். பேச்சு நின்றது.

"உள்ள யாருடி? வேற யாரும் வந்திருக்காகளா?"

மீனா இல்லை என்று தலையை ஆட்டினாள். ருமானா சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் குத்தவைத்தாள். வாயிலிருந்து போர்வையை உருவினாள்.

"கீழ வண்டிய நிறுத்தும்போதே நீ ஒக்காயேரின்னது கேட்டுச்சு. காய்ச்சல்லயும் அந்த ஏரிய விட மாட்டேங்குறாளேன்னு சிரிச்சுக்கிட்டேதான் ஏறுனேன்."

"நா வாயவே தெறக்கல, ருமானா."

அடுப்பு மேடையில் இரண்டு டம்ளர் நனைந்து நிற்பதை ருமானா எட்டிப் பார்த்தபோதே கண்டிருந்தாள். தெற்கு வாசல் போய்ச் சேர்ந்த பிறகுதான் அதைச் சொன்னாள். தூக்குவாளியைக்கூட எடுக்காமல், மீனாவைத் தோளில் சாய்த்துக் கீழே இறக்கி, ஸ்கூட்டியில் வைத்து, தன் துப்பட்டாவால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓட்டினாள்.

சாயிரா பானு ஒன்றும் கேட்கவில்லை. ஓதிய தண்ணீரை முகத்தில் தெளித்தாள். காய்ச்சல் இறங்கியது. மீனா அங்கேயே தங்கி வகுப்புக்குப் போய்வந்தாள். வேளாவேளைக்குச் சாப்பாடு, ருமானாவோடு பாடம். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மத்தியானமானால் அவள் கண் தெருவையே பார்க்கும்.

ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் விளாங்குடிக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

படியில் ஏறும்போதே உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. ஜப்பானிய பாஷை. அவள் வகுப்பில் கற்ற வாக்கியங்கள் கொஞ்சம், அவள் கற்காதவை நிறைய. அவள் மெல்லக் கதவைத் திறந்து, வாசற்படியில் நின்று, "ததாய்மா" என்றாள்.

உள்ளே பேச்சு நின்றது.

பதில் இல்லை. காலி வீட்டின் மௌனம் வேறு மாதிரி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இது, வாசலில் வேற்றாள் நிற்கும்போது உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, போகட்டும் என்று காத்திருக்கிற மௌனம். அதை அவள் சின்ன வயதிலிருந்தே அறிந்தவள். கொஞ்ச நேரம் நின்றாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுக் கீழே வந்தாள்.

கனகலட்சுமி வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் காலி பண்ணிக்கிறேன். சாமானை எடுக்க ருமானாவோட இன்னொரு நா வாரேன்."

"என்ன பாப்பா திடீர்னு? நல்லாத்தானே இருந்த? மத்தியானமானா நீயும் அந்தப் புள்ளையும் பேசிச் சிரிக்கிறது கீழ வரைக்கும் கேக்கும். எனக்கும் ஒத்தையில இருக்கமேன்னு தோணாது."

"நான் இங்க இல்லவே இல்லக்கா. காய்ச்சல்ல போனவ, இப்பத்தான் வாரேன்."

கனகலட்சுமியின் கை கீரையில் நின்றது. மாடியைப் பார்த்தாள். மேலே மறுபடி பேச்சு தொடங்கியிருந்தது. வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "முன்னாடி இருந்தவுகல்லாம் யாரோ அழுகுற சத்தம் கேக்குதுன்னுதான் காலி பண்ணாக" என்றாள். "இப்ப அழுகை இல்ல. பேச்சுதான்."

சாவியை வாங்கி ஆணியில் மாட்டினாள். வீடு வாடகைக்கு என்ற பலகையை அவள் அப்புறம் மாட்டவேயில்லை.

அந்த வருஷமே மீனா பரீட்சையில் தேறினாள். விமான நிலையத்துக்குச் செல்லக்கிளியும் ருமானாவும் வந்திருந்தார்கள். புறப்படும்போது போடுவதற்கென்று ருமானாவின் அத்தா கடைக்குப் பக்கத்துத் தையல்காரரிடம் மீனா ஒரு சுடிதார் தைத்து வாங்கியிருந்தாள். கத்தரிப்பூ நிறம், கழுத்தில் வெள்ளை நூல் வேலை.

இப்போது கடலோரத்தில் ஒரு சின்ன ஊரில் முதியோர் இல்லத்தில் வேலை. நேபாளத்துப் பெண்கள் இரண்டு பேரோடு ஒரு வீட்டில் இருக்கிறாள். வேலை முடிந்து வருகிறவர்கள் வாசலில் குரல் கொடுப்பார்கள், உள்ளே இருப்பவர்கள் பதில் கொடுப்பார்கள். மீனா மட்டும் முதலில் உள்ளே போய், யார் எங்கே இருக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். இந்த இந்தியாக்காரி ஒரு மாதிரி என்று அவர்கள் சிரிப்பார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ருமானா போன் செய்தாள். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. சமயநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு விளாங்குடி வழியாக வந்துகொண்டிருந்தாளாம். ஏனோ அந்தத் தெருவுக்குள் வண்டியைத் திருப்பினேன் என்றாள்.

"மாடி ஜன்னல் தெறந்திருக்கு, மீனா. கொடியில துணி காயுது."

"புதுசா யாரும் குடி வந்திருப்பாக."

"கனகலட்சுமி அக்காட்டக் கேட்டேன். யாரும் வரலையாம்."

ஒரு லாரி கடந்து போகிற இரைச்சல் வந்து தேய்ந்தது.

"மீனா, நீ இப்ப என்ன போட்டிருக்க?"

மீனா குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். லீவு நாள் என்று காலையில்தான் பெட்டியிலிருந்து எடுத்து உடுத்தியிருந்தாள். கத்தரிப்பூ நிறம். கழுத்தில் வெள்ளை நூல் வேலை.

"ஏன் கேக்குற?" என்றாள்.

பதிலுக்கு வண்டியைக் கிளப்பும் சத்தம்தான் கேட்டது.